மடியில் கனம்

சுடிதார் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் எங்கள் தெரு டெய்லரிடம் ஒரு பாக்கெட் கேட்பேன். "வெச்சா இடுப்புகிட்ட பொடச்சுக்கிட்டு நிக்குங்கக்கா, ஷேப்பு போயிரும்" என்பார். "போனாப் போகுது தம்பி, வை" என்றால் தலையாட்டிவிட்டு, பாக்கெட் இல்லாமலே தைத்து வைத்திருப்பார். ஒரே ஒரு தடவை வைத்தார். இரண்டு விரல் நுழையும் ஆழம். பஸ் டிக்கெட்டை மடித்து வைக்கலாம். சில்லறை போட்டால் உட்காரும்போது கொட்டிவிடும். அன்றைக்கு அதே மிஷினில் பள்ளிக்கூடப் பையன்களின் டவுசருக்கு மணிக்கட்டு முங்குகிற பை ஓடிக்கொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஷேப் போயிடும்" அவர் கண்டுபிடித்த காரணம் அல்ல. இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பெண்களிடம் சொல்லப்பட்டு வருகிற காரணம் அது. எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது பார்பரா பர்மனும் அரியான் ஃபெனட்டோவும் எழுதி 2019இல் வந்த 'த பாக்கெட்' என்ற நூல். 1660 முதல் 1900 வரை பிரிட்டனில் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த பைகளைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம்.

அதற்குள் போகும் முன் சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். உடுப்போடு சேர்ந்த பைக்கு நம்மிடம் இருந்த சொல் மடி. துணியை மடித்தால் மடி. உட்கார்ந்தால் குழந்தைக்கு மடி, எழுந்து நடந்தால் காசுக்கு மடி. வேட்டி கட்டிய ஆணுக்கும் சேலை கட்டிய பெண்ணுக்கும் இதில் பேதம் கிடையாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்ற பழமொழி இருவருக்கும் பொது. பிறகு ஆண்கள் சட்டைக்கு வந்தபோது 'ஜேபி' வந்தது. பழைய தொடர்கதைகளில் கதாநாயகன் ஜேபியிலிருந்துதான் கைக்குட்டையை எடுப்பான். அரபியில் 'ஜைப்' என்றால் ஆடையின் மார்புத் திறப்பு, அங்கே விழும் மடிப்பு. பை என்ற பொருளும் அதிலிருந்து வந்தது. கணிதத்தில் நாம் படித்த சைன்கூட இதற்குத் தூரத்துச் சொந்தம். சமஸ்கிருதத்தின் 'ஜீவா' அரபிக்குப் போய் 'ஜிப' ஆனது. அரபியில் உயிர்க்குறி இல்லாமல் எழுதியதை 'ஜைப்' என்று வாசித்து, மடிப்பு என்று பொருள்கொண்டு, லத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். பிளஸ் டூவில் சைன் தீட்டாவோடு மல்லுக்கட்டியபோது இதை யாராவது சொல்லியிருக்கலாம், பாடம் கொஞ்சம் இனித்திருக்கும்.

ஐரோப்பாவிலும் முதலில் ஆண், பெண் இருவருக்கும் இடைக்கச்சையில் தொங்கும் பைதான். 17ஆம் நூற்றாண்டில் வழி பிரிந்தது. 1666 அக்டோபரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் நீண்ட உள்கோட்டை அரண்மனை உடையாக்கினார். மேல்கோட், உள்கோட், கால்சட்டை என்ற மூன்றடுக்கு உடை அதிலிருந்து வளர்ந்தது. ஆண்களின் பை ஆடைக்கு உள்ளேயே தைக்கப்பட்டுவிட்டது. மேல்கோட்டில் இரண்டு, உள்கோட்டில் இரண்டு, கால்சட்டையில் கடிகாரத்துக்கென்று குட்டியாக ஒன்று என்று போகப்போகப் பெருகியது.

பெண்களுக்கு வேறு ஏற்பாடு. பேரிக்காய் வடிவில் தட்டையான துணிப்பை, மேலே நடுவில் செங்குத்தாக ஒரு வெட்டு, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா. தனியாகவோ ஜோடியாகவோ, பாவாடைகளுக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். மேல் பாவாடையின் பக்கத் தையலில் திறப்பு விட்டிருக்கும். அதன் வழியே கையை விட்டால் நேரே பைக்குள் போகும். உடை எதுவானாலும் பை ஒன்றுதான், ஒன்றிலிருந்து அவிழ்த்து இன்னொன்றுக்குள் கட்டிக்கொண்டால் போதும். பல பைகள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதற்குள் பணம், சாவிக்கொத்து, ஊசி, விரலுறை, கடிதம், மூக்குக்கண்ணாடி, தின்பண்டம் எல்லாம் போகும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பைகளைப் படத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யார் கண்ணிலும் படாத பைக்குக் கொடியும் பூவுமாகப் பார்த்துப் பார்த்துப் பூத்தையல் போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் இருக்கின்றன. ஏழை வீடுகளில் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். பணக்காரி, வேலைக்காரி எல்லோரிடமும் இந்தப் பை இருந்தது.

இவ்வளவு விவரம் தெரிவதற்கு ஒரு காரணம் திருடர்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சிட்ட குறிப்புகள் இன்று இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. நாடாவை அறுத்துப் பையோடு கொண்டுபோனவன், தூங்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து உருவியவன் என்று வழக்குகள் வருகின்றன. பையைப் பறிகொடுத்த பெண் சாட்சிக் கூண்டில் நின்று அதற்குள் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். எத்தனை ஷில்லிங், எந்த மோதிரம், எந்தச் சாவி. அடையாளம் பிசகாமல் சொல்கிறாள், தன் கையால் தைத்த பை அல்லவா!

ஆனால் குற்றப்பத்திரிகையில் அந்தப் பை யாருடைய சொத்து என்று எழுதியிருக்கிறது தெரியுமா? கல்யாணமானவளாக இருந்தால் அவள் புருஷனுடையது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் அசையும் பொருளெல்லாம் கணவனுக்குச் சொந்தம். அவள் சம்பாதித்த காசும் அவனுடையது. இடுப்பைச் சுற்றி அவள் கட்டிய நாடாவும் அதில் தொங்கிய பையும்கூட அவனுடையது. 1870இலும் 1882இலும் வந்த இரண்டு சட்டங்கள்தான் மணமான பெண்ணின் சொத்தை அவள் பெயருக்கு மாற்றின. அதுவரை சட்டம் ஒன்று சொல்ல, பை வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. அவள் கையைத் தவிர வேறு கை எளிதில் போகமுடியாத ஓர் இடம் அவளுக்கு இருந்தது. அறைக்குப் பூட்டு இல்லாத, பெட்டிச் சாவி எஜமானியிடம் இருந்த வேலைக்காரப் பெண்ணுக்கு உலகத்தில் தனக்கென்று இருந்த இடமே அதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாயியின் சுருக்குப்பைதான் கண்முன் நின்றது. ஏழு கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் ஏறக்குறைய அதையேதான் தைத்திருக்கிறார்கள். அம்மாயியின் பையில் மூன்று அறை. ஒன்றில் வெற்றிலையும் பாக்கும், ஒன்றில் புகையிலையும் சுண்ணாம்பு டப்பியும், உள்ளறையில் காசு. இரண்டு பக்க நாடாவையும் இழுத்தால் வாய் சுருங்கிக்கொள்ளும். சுற்றி இடுப்பில் செருகிவிட்டால் கிணற்றில் குதித்தாலும் கழலாது. பேரப்பிள்ளைகள் யாரும் அதில் கை வைக்க முடியாது. "கையெடு கண்ணு" என்று ஒரு சொல்தான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. தாத்தாவும் அதைத் தொட்டதில்லை. அவருக்குக் காசு வேண்டுமென்றால் கேட்பார், அம்மாயி திரும்பி நின்று எடுத்துக் கொடுப்பார். உள்ளறையில் எவ்வளவு இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தக் காசுக்குத்தான் சிறுவாடு என்று பெயர். மோர் விற்றது, கோழி விற்றது, செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. கணக்கில் வராத காசு. அம்மாவின் தலைமுறையில் சுருக்குப்பை போய், உள்பாவாடையில் ஒரு பை வந்தது. ஊருக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற பாவாடை அது. அகலத்திலும் ஆழத்திலும் அந்த இங்கிலாந்துப் பைக்குச் சளைத்ததல்ல. ரவிக்கைக்குள் மணிபர்ஸ் செருகுவதெல்லாம் அவசரத்துக்குச் செய்வது. வியர்வையில் நோட்டு நனைந்து ஒட்டிக்கொள்ளும், பஸ்ஸில் நாலு பேர் முன்னால் எடுக்கவும் முடியாது.

இங்கிலாந்துப் பெண்களின் பை எப்படிப் போனது? இங்கேதான் 'ஷேப்' வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி, உடை தலைகீழாக மாறியது. கனத்த பாவாடை அடுக்குகள் போய், பழைய கிரேக்கச் சிலைகளைப் போல மார்புக்குக் கீழேயே இடை பிடித்து நேராக விழும் மெல்லிய கவுன் வந்தது. அதற்கு உகந்த துணி மஸ்லின். அதில் மிக மென்மையானது நம் டாக்காவிலிருந்து போனது. காற்றடித்தால் உடம்போடு ஒட்டும் அந்தத் துணிக்கு அடியில் முழ நீளப் பையைக் கட்டினால் புடைத்துத் தெரியாமல் என்ன செய்யும்? நாகரிகப் பெண்கள் பையை அவிழ்த்தார்கள். பதிலுக்குக் கையில் பிடிக்க ஒரு குட்டிப் பை வந்தது, 'ரெட்டிக்யூல்'. நகைப்புக்கிடமானது என்று பொருள்படும் 'ரிடிக்யூல்' என்று சொல்லைத் திரித்துக் கேலி செய்தார்கள். இங்கிலாந்தில் அதற்கே 'இல்லாமல் முடியாதது' என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டு பெயருமே பொருத்தம்தான்.

இந்த மாற்றத்தில் பையின் அளவு குறைந்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. உடம்போடு இருந்தது கைக்கு வந்துவிட்டது. கட்டியிருந்ததைத் தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். கையில் இருப்பதை எங்கேயாவது வைக்க வேண்டும், வைத்தால் மறக்க வேண்டும், மறந்தால் திட்டு வாங்க வேண்டும். ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடும். வேலை செய்கிற பெண்களும் வயதானவர்களும் இந்த மோகத்துக்கு மசியவில்லை. கிராமங்களிலும் வேலைக்காரர்கள் குடியிருப்புகளிலும் கட்டுப்பை 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இருந்தது. நாகரிகத்துக்குப் பிந்தினவர்கள் என்று பேர் வாங்கினாலும் இரண்டு கையும் வீசி நடந்தவர்கள் அவர்கள்தான்.

பாவாடை மறுபடி அகன்றபோது பையும் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தது, அரைகுறையாக. 1870களில் பின்பக்கம் துருத்தி நிற்கும் பாவாடை வந்தபோது பையைக் கொண்டுபோய் அந்தப் பின்மடிப்புக்குள் தைத்தார்கள். எடுக்கத் தேடினால் கிடைக்காது, உட்கார்ந்தால் அதன் மேலேயே உட்கார வேண்டும். வடிவமைத்தவர் அதைக் கட்டிப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கேள்வியை அந்தக் காலத்துப் பெண்களே கேட்கத் தொடங்கினார்கள். 1881இல் லண்டனில் 'பகுத்தறிவு உடைச் சங்கம்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளக்கூடிய ரேஷனல் டிரஸ் சொசைட்டி தொடங்கியது. அதன் தலைவி ஹார்பர்ட்டன் சீமாட்டி. பெண்ணின் உள்ளாடைகள் ஏழு பவுண்டுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. மூன்று கிலோவுக்கும் கூட! குறைத்துக் கேட்டதே அவ்வளவு என்றால், சுமந்தது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமாட்டி சும்மா பேசுகிறவர் இல்லை. 1898இல் சைக்கிளில் போகும் வழியில், சர்ரே பகுதியில் ஆக்கம் என்ற ஊரின் ஹாட்பாய் ஹோட்டலில் சாப்பிடப் போனார். பாவாடை இல்லை, தொளதொளவென்ற நிக்கர். விடுதிக்காரம்மா, "இந்த உடையோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரக்கூடாது, ஆண்கள் குடிக்கும் பார் அறையில் வேண்டுமானால் உட்காருங்கள்" என்ற பாணியில் சொல்லியிருக்கிறார். சைக்கிள் ஓட்டிகளின் சங்கம் வழக்குப் போட்டது. அடுத்த வருடம் வழக்கு தோற்றது. பாரில் இடம் தருகிறேன் என்று சொன்னது மறுத்ததாகாது என்று விடுதிக்காரம்மாவை விடுவித்துவிட்டார்கள். பை இல்லை என்பதற்கு யாரும் வழக்குப் போட முடியாது, நிக்கர் போட்டதற்குச் சோறு இல்லை என்பதற்குப் போட்டும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1914இல் ஒரு சின்னக் கதை எழுதினார். மாலி என்ற பெண் ஒரு நாள் காலையில் தன் கணவனாக மாறி ரயிலேறிப் போகிறாள். அவளை முதலில் அசத்துவது ஓட்டுரிமையோ உத்தியோகமோ இல்லை, பைகள். அத்தனை வருடம் அந்தப் பைகளைத் துவைத்து, கிழிசல் தைத்துக் கொடுத்தவள்தான். கையை விட்டால் காசு, பேனா, சாவி எல்லாம் அங்கங்கே இருக்கிறது என்பது உள்ளே இருந்து பார்க்கும்போதுதான் அவளுக்குப் புரிகிறது. ஓட்டுரிமைக்காரர்களும் இதைக் கவனித்திருந்தார்கள். 1910இல் நியூயார்க் டைம்ஸ் அவர்களுக்கென்று வந்த ஒரு உடையைப் பற்றி எழுதியபோது, அதில் நிறையப் பைகள் இருப்பதைத்தான் தலைப்பாக்கியது. பெண் உடையில் பை என்பது அன்றைக்குச் செய்தி!

அப்புறம் ஏன் வரவில்லை என்றால், கைப்பை அதற்குள் தனித் தொழிலாகிவிட்டது. 1936இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையில் சேர்ந்த டயானா வ்ரீலண்ட் ஒரு சம்பவத்தைத் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். கைப்பைகளையே ஒழித்துவிடலாம், உடைகளில் நல்ல பைகளாக வைத்து ஓர் இதழ் முழுக்கக் காட்டலாம் என்று உற்சாகமாகச் சொன்னாராம். கேட்டவர் ஓடிப்போய் ஆசிரியர் கார்மல் ஸ்னோவை அழைத்துவந்தார். கைப்பை விளம்பரத்தில் வருஷத்துக்கு எத்தனை மில்லியன் வருகிறது தெரியுமா என்று ஸ்னோ கேட்டதோடு பேச்சு முடிந்தது. 'ஷேப்' என்ற பழைய காரணத்துக்குப் பக்கத்தில் துட்டு என்ற புதுக் காரணமும் வந்து உட்கார்ந்த இடம் என்று இதைச் சொல்வேன்.

ஜீன்ஸ் வந்த பிறகாவது மாறியிருக்கும் என்று பார்த்தால் இல்லை. 'த புட்டிங்' என்ற இணைய இதழ் 2018இல் 20 நிறுவனங்களின் 80 ஜீன்ஸ்களை நாடா வைத்து அளந்தது. பெண்களின் முன்பை ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. அப்போது பரவலாக இருந்த செல்போன் எதுவும் அவற்றில் பாதிப் பைகளுக்குக்கூட முழுசாகப் போகவில்லை. இதைவிடக் கொடுமை, கடையில் தொட்டுப் பார்த்தால் பை மாதிரியே விளிம்பும் தையலும் இருந்து, உள்ளே விரல் போகாத போலிப் பை. விளிம்புக்குத் துணி வெட்டியாயிற்று, தையலும் போட்டாயிற்று, இன்னொரு சாண் துணியை உள்ளே விட யாருக்கும் மனசு வரவில்லை.

எங்கள் பக்கம் திருப்பூர் இருப்பதால் இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு தையலுக்கும் தனி மிஷின், தனி ஆள், தனி ரேட். பை என்றால் துணி வெட்ட ஒருத்தர், விளிம்பு மடிக்க ஒருத்தர், வைத்துத் தைக்க ஒருத்தர். பீஸுக்குப் பைசா கணக்கில் ஏறும். பெட்ரோமாக்ஸ் விளக்குப் போல ஜொலிக்கிற ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, வெளிநாட்டு ஆண்களின் ஷார்ட்ஸுக்கு ஆழமான பைகளைத் தைத்துத் தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் போட்டிருக்கும் சுடிதாரில் பை இருக்காது. ஷிப்ட் முடிந்தால் சம்பளக் கவர் தூக்குவாளிக் கூடைக்குள் போகும்.

2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது, பெண்களின் பைகளெல்லாம் ஒரே நாளில் வெளியே திருப்பிப் போடப்பட்ட மாதிரி ஆயிற்று. அரிசிப் பானையிலிருந்து, பட்டுச்சேலை மடிப்பிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நோட்டுகள் வந்தன. இரண்டரை லட்சம் வரை இல்லத்தரசிகள் போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று டெல்லியில் சொன்னார்கள். வருமானவரிக்காரர் கேட்பதா அவர்கள் பயம்? எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா, பதினொரு வருஷத்துச் சிறுவாட்டை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்து, "உன்ற அக்கவுண்டுல போட்டுத் தர்றியா சாமி? எங்கூட்டுல தெரிஞ்சா எடுத்துக்குவாங்க" என்று கேட்டார். அவருக்கு பேங்க் அக்கவுண்டு இருந்தது. பாஸ் புத்தகம் புருஷனின் சட்டைப்பையில் இருந்தது.

இப்போது குர்த்தி விற்கிற கடைகளில் 'பாக்கெட் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்கென்று கொஞ்சம் விலையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் மகள் வயதுப் பிள்ளைகள் கடைக்குள் போனதும் முதலில் இடுப்போரத் தையலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள், பிறகுதான் நிறம், விலை எல்லாம். நைட்டிக்குப் பை வைத்துத் தருகிற டெய்லர்களும் வந்துவிட்டார்கள். நல்லது.

ஆனால் எங்கள் ஊரில் பெண்களுக்குக் கிடைத்த முதல் முழு அளவுப் பாக்கெட் எந்தக் கடையிலும் வாங்கியது இல்லை. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் சேலைக்கு மேலே புருஷனின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலுக்காக, மக்காச்சோளத் தோகையின் சுணைக்காக என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம், அதுவும் உண்மைதான். போன சித்திரையில் வாய்க்கால் ஓரம் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருடைய சட்டையைக் கவனித்தேன். இடது மார்புப் பையில் செல்போனும் சின்ன வெற்றிலைப் பொட்டலமும். பைக்கு மேலே ஒரு மூடி, அதற்கு வேறு நிறத்தில் ஒரு பொத்தான். சட்டைத் துணிக்கும் மூடித் துணிக்கும் சம்பந்தமே இல்லை. கேட்டேன்.

"சட்டை எங்கூட்டுக்காரருதுங்க. மூடி நானே ரவிக்கைத் துணியில வெட்டித் தெச்சுக்கிட்டேன். குனிஞ்சா காசு உளுந்துருதல்லங்க."